நுழையாதவனிடம் நுழைவுச் சீட்டா?

ஒரு நாட்டுக்குப் புதிதாக வருகின்றவன் அந்நாட்டின் அனுமதியைப் பெற்றே அங்கு வதிதல் வேண்டும் என்பது உலகம் ஒப்புக்கொண்ட முறையாகும். அதனை நாம் மறுத்துரைக்க வரவில்லை. தன் வாயிலை யாருக்குத் திறப்பது, யாருக்கு அடைப்பது எனத் தீர்மானிக்கும் அதிகாரம் இறைமையுள்ள ஒவ்வோர் அரசுக்கும் உண்டு. சட்டம் பயின்ற எவரும் இதற்கு மாறாக வாதிடத் துணியார். ஆனால் அந்த அதிகாரத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. வாயிலைக் கடந்து வந்தவனிடமே வாயிற்சீட்டைக் கேட்கலாம். வீட்டுக்குள்ளேயே பிறந்த பிள்ளையிடம், "நீ எந்த வாயிலால் நுழைந்தாய்? சீட்டைக் காட்டு" என்று கேட்பது சட்டமன்று, சட்டத்தின் உடையணிந்து வரும் அநியாயம்.

இந்த அநியாயத்தை முதலிற் செய்தது இலங்கை. அதே மக்களின் வழித்தோன்றல்களுக்கு அதனை மீண்டும் செய்துகொண்டிருப்பது இந்தியா. வதிவிட அனுமதி என்னும் ஒரு துண்டுக் கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு, எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இரண்டு அரசுகள் நடத்திவந்த கணக்கைத் தமிழ் மக்கள் முன் வைப்பதே எமது நோக்கம். அக்கணக்கிலே எமது வீட்டாரின் பற்றும் சிறிது உண்டு. அதனையும் மறையாது கூறுவோம்.

பிறந்த லயத்தில் வதிவதற்கு விசா!

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. இலங்கையிற் பிறந்த ஒருவன் வம்சாவளிப் பிரசையாக வேண்டுமானால், அவன் தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும். கேட்பதற்கு இது பொதுவான விதி போலத் தோன்றும். தேயிலைத் தோட்டத்து லயத்திலே, மருத்துவிச்சியின் கையிற் பிறந்த ஒருவனின் பிறப்பை எந்தப் பதிவேட்டிற் காட்டுவது? பெருந்தோட்டத்துக்கு வெளியே ஆயிரக்கணக்கான கிராமத்தவரிடமும் அத்தகைய பத்திரம் இருக்கவில்லை. ஆனால் அவர்களிடம் எவரும் பத்திரம் கேட்கவில்லை. மலையகத் தமிழனிடம் மாத்திரமே கேட்கப்பட்டது. விதி எல்லோருக்கும், விசாரணை ஒருவனுக்கு. இதுவே அச்சட்டத்தின் சூட்சுமம்.

அதே ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் குடிவரவு குடியகல்வு பற்றியது. 1949 நவம்பர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த அச்சட்டம், பிரசையல்லாத எவனும் அனுமதியின்றி இந்நாட்டில் வதியலாகாது என்றது. இவ்விரு சட்டங்களையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் படித்தாலன்றி அவற்றின் கொடுமை விளங்காது. முதற்சட்டம் பிறந்தவனைப் பிரசையல்லாதவன் ஆக்கிற்று. இரண்டாவது சட்டம் பிரசையல்லாதவனை வந்தேறி ஆக்கிற்று. ஆக, ஒருநாளும் கடல் கடந்தறியாதவன் ஒரு பேனா முனையின் அசைவினாற் கடல் கடந்து வந்தவனாகினான். கொழும்பிலே கடைச் சிப்பந்தியாய் இருந்தவன் தற்காலிக வதிவிட அனுமதிச் சீட்டுக்காக அலையலானான். தமிழகத்திலுள்ள உறவினரின் மரணச் சடங்குக்குப் போனவன், தான் பிறந்த தோட்டத்துக்குத் திரும்பி வருவதற்கு மீள்வரவு அனுமதி கேட்டு நிற்கலானான்.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டம் பரிகாரமெனக் கூறப்பட்டது. 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இங்கு வதிந்தமைக்குச் சான்று காட்டுக என்றது அது. விண்ணப்பத்துக்கு 1951 ஆகஸ்ட் 5ஆந் திகதி எல்லை வகுக்கப்பட்டது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். பல்லாண்டு விசாரணையின் பின் பதிவுப் பிரசைகளானோர் ஏறத்தாழ 1,34,000 பேர் மாத்திரமே. இதற்கிடையில் 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தற் திருத்தச் சட்டம் வாக்குரிமையையும் பறித்துக்கொண்டது. 1947இல் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய தோட்டத் தொழிலாளர் 1952இல் ஒருவரையேனும் அனுப்ப இயலாதவராயினர்.

நீதிமன்றம் காப்பாற்றவில்லையா என்று கேட்பீர்கள். கோடக்கன்பிள்ளை எதிர் முதநாயக்க என்னும் வழக்கு 1953இல் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. தன் பிரசைகள் யாவர் என வகுப்பது ஒரு சட்டசபைக்கு இயல்பான அதிகாரம் என்று அங்கே தீர்ப்பாயிற்று. சட்டத்தின் வாசகத்தில் இனத்தின் பெயர் இல்லை. ஆகவே இனப் பாகுபாடும் இல்லை என்பதே அத்தீர்ப்பின் போக்கு. சிறுபான்மையோரின் காவலெனப் போற்றப்பட்ட சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, முதற் சோதனையிலேயே எவ்வளவு தாங்கும் என்பது தெரிந்துவிட்டது.

அடுத்த ஆண்டு, 1954 சனவரியிலே, நேரு கொத்தலாவல ஒப்பந்தம் கையொப்பமாயிற்று. அதில் ஒரு வாசகம் உண்டு. சட்டம் கற்பார் யாவரும் படித்து நாண வேண்டிய வாசகம் அது. வளர்ந்தோரின் பதிவேடு ஒன்று தயாரிக்கப்படும், அதிற் பெயரில்லாத ஒருவனின் தாய்மொழி இந்திய மொழியொன்றாக இருப்பின், அவன் இந்தியாவிலிருந்து கள்ளமாகக் குடிவந்தவன் என ஊகிக்கப்படுவான், நாடு கடத்தப்படுவான். தாயிடம் பேசும் மொழியையே குற்றத்துக்குச் சான்றாக்கிய விதி இது! 'கள்ளத்தோணி' என்னும் இழிசொல் தெருவிலே பிறந்ததென்று சிலர் கூறுவர். அதற்குத் தெரு மாத்திரம் பொறுப்பன்று; இரண்டு பிரதமர்களின் கையொப்பமும் அதற்கு உண்டு.

தலைகளைப் பங்கிட்ட ஒப்பந்தம்

1964 ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 9,75,000 மனிதரைப் பங்கிட்டது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பின்னர் பேசித் தீர்ப்பது. 1974இல் அந்த எச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆட்டு மந்தையைப் பங்கிடுவோருங் கூட எந்த ஆடு எந்தப் பட்டிக்குப் பழகியது என்று பார்ப்பதுண்டு. இங்கு அதுவும் பார்க்கப்படவில்லை. பங்கிடப்பட்டவர்களை எவரும் கேட்கவுமில்லை.

அவ்வொப்பந்தத்தின் வதிவிட வாசகத்தை மாத்திரம் இங்கே எடுத்துக்கொள்வோம். இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியோர், அனுப்பப்படும் நாள்வரை இலங்கையில் வதிவதற்கு இலவச விசாப் பெறுவர். தொழில் புரிவோர் புறப்படும் நாள்வரையோ ஐம்பத்தைந்து வயதுவரையோ, எது முந்துமோ அதுவரை, தொழிலிலே தொடர்வர். இதனைப் பெருந்தன்மையென்று அன்று சிலர் பாராட்டினர். காட்டை வெட்டிப் பாதை போட்டவனின் பேரன், தன் பாட்டன் நட்ட தேயிலையிற் கொழுந்து கிள்ளுவதற்குக் காலவரையறையுள்ள விசாவொன்றைப் பெற்றான்; அந்த விசாவுக்குப் பணம் அறவிடப்படவில்லை; இதுவே அந்தப் பெருந்தன்மை!

1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றபோது மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் அக்கரை சேர்ந்திருந்தனர். தாய்நாடு திரும்புதல் என்று அதற்குப் பெயரிட்டார்கள். அவர்களுட் பெரும்பாலோர் அத்தாய்நாட்டை அதற்கு முன் கண்ணாற் கண்டதில்லை. திரும்புதல் என்றாற் புறப்பட்ட இடத்துக்கு மீள்தல். அவர்கள் புறப்பட்ட இடமோ நுவரெலியாவும் பதுளையும் கண்டியும் இரத்தினபுரியுமாகும்.

மண்டபத்தின் கதை

மண்டபம் என்னும் இடப்பெயரை மலையகத்துப் பழங்குடும்பங்கள் அறியும். இராமேசுவரத்துக்கு முன்னால், கடலோரத்தில், இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரை நோய்த் தடுப்புக்காகத் தங்கவைத்துச் சோதிக்கும் முகாம் அங்கே இருந்தது. பின்னர் ஒப்பந்தத்தின்படி அனுப்பப்பட்டோரும் அங்கேயே இறக்கப்பட்டனர். 1983 சூலைக்குப் பின் வள்ளமேறிச் சென்ற அகதிகளும் அங்கேயே இறக்கப்பட்டனர். பாட்டன் போன வழியிலேயே பேரன் மீண்டான். ஆனால் பாட்டன் போகும்போது அவன் கையில் ஒரு சீட்டு இருந்தது. பேரன் மீண்டபோது அவனிடம் எந்தச் சீட்டும் இல்லை.

எமது மேசைக்கு வந்த ஒரு குடும்பத்தின் பத்திரங்களை இங்கே குறிப்பிடுதல் பொருந்தும். பாட்டனார் 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்கீழ் இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றவர். அக்கடவுச்சீட்டிலே இலங்கையின் வதிவிட விசா முத்திரை இருந்தது. அவர் கப்பல் ஏறவில்லை. 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் தோட்டத்தை விட்டு வவுனியாப் பக்கம் குடும்பத்தோடு குடியேறினார். எண்பதுகளில் அங்கும் இருக்க இயலாமற் போகவே, மன்னார்க் கரையில் வள்ளமேறினார்கள். கடவுச்சீட்டு வன்னியிற் கிடந்தது. ஆட்கள் மண்டபத்திற் கிடந்தார்கள். முகாம் பதிவேட்டிலே 'இலங்கை அகதி' என்று எழுதப்பட்டது. இலங்கையிலே அவர் விசாவுடன் வதிந்த இந்தியர். இந்தியாவிலே அவர் விசாவின்றி வந்த இலங்கையர். இரண்டு நாடுகளிலும் அவர் அந்நியரே. அவருடைய பேத்தி முகாமிலே பிறந்து, முகாமிலே வளர்ந்து, தமிழகத்துக் கல்லூரியிற் பட்டமும் பெற்றுவிட்டாள். அவளுக்கும் அதே அட்டை, அதே பெயர்ப்பதிவு, மாதந்தோறும் அதே கணக்கெடுப்பு.

தமிழகத்து மக்களும் மாநில அரசுகளும் செய்த உதவியை நாம் மறக்கவில்லை. பள்ளிக்கூடம் தந்தார்கள்; அரிசி தந்தார்கள்; உதவிப்பணம் தந்தார்கள்; வீடுகளும் கட்டித் தருகின்றார்கள். 2021இல் 'அகதிகள் முகாம்' என்னும் பெயரை 'மறுவாழ்வு முகாம்' என மாற்றினார்கள். அவ்வாண்டுக் கணக்கின்படி 58,000க்கு மேற்பட்டோர் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களிலும், ஏறத்தாழ 34,000 பேர் பொலிஸ் நிலையங்களிற் பதிந்துகொண்டு வெளியிலும் வாழ்ந்தார்கள். ஆனால் உதவி வேறு, உரிமை வேறு. அரிசி மாநிலத்தின் கையில். வதிவிட அனுமதி மத்திய அரசின் கையில். மாநிலம் ஊட்டிய மக்களை மத்தி இன்னும் 'சட்டவிரோதக் குடியேறிகள்' என்ற ஏட்டிலேயே வைத்திருக்கின்றது.

சட்டத்தின் சொல்லும் அதன் பிரயோகமும்

இந்தியப் பிரசாவுரிமைச் சட்டத்தில் 2003ஆம் ஆண்டுத் திருத்தம் 'சட்டவிரோதக் குடியேறி' என்பவன் யார் என வரைவிலக்கணம் தந்தது. செல்லுபடியாகும் கடவுச்சீட்டோ பயணப் பத்திரமோ இன்றி இந்தியாவினுள் நுழைந்த அந்நியன். அல்லது பத்திரத்தோடு நுழைந்து, அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியவன். இத்தகையோன் பதிவு மூலமோ இயல்புரிமை மூலமோ ஒருபோதும் பிரசையாக இயலாது. இந்த வரைவிலக்கணத்தின் உயிர்நாடி 'நுழைந்த' என்னும் சொல். முகாமிலே பிறந்த குழந்தை எங்கிருந்து நுழைந்தது? எந்த எல்லையைக் கடந்தது? அது நுழைந்த ஒரே வாயில் தாயின் வயிறு. அதற்கு எந்த நாடும் விசா முத்திரை குத்துவதில்லை. இருந்தும் அக்குழந்தை வளர்ந்து விண்ணப்பத்தோடு நிற்கும்போது, "நீ எவ்வாறு வந்தாய்?" என்ற கேள்வியே முன்னிற்கின்றது. 1948இல் நுவரெலியாவிற் பிறந்தவனிடம் கேட்கப்பட்ட அதே கேள்வி!

இன்னொன்றையும் பாருங்கள். இந்தியாவில் 1987 சூலை முதலாந் திகதிக்கு முன் பிறந்தவர் பிறப்பினாலேயே இந்தியப் பிரசை. அதன் பின் பிறந்தவராயின் பெற்றோரின் பிரசாவுரிமை பார்க்கப்படும். ஒரே தாய்க்கு, ஒரே முகாமிலே, 1987 சூன் மாதத்திற் பிறந்த அக்காள் இந்தியப் பிரசை. 1989இற் பிறந்த தம்பி நாடற்றவன். அந்த அக்காளுக்குங் கூடச் சட்டம் தந்ததை அதிகாரிகள் எளிதிற் கொடுக்கவில்லை. அந்தத் திகதிக்கு முன் மண்டபத்திற் பிறந்த ஒருவருக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளாகச் சட்டப் புத்தகத்திற் கிடந்த உரிமை, வழக்குத் தொடுத்த பின்னரே கைக்கு வந்தது.

2019 சூனில் அதே மதுரைக் கிளை, முகாம்களில் வாழும் இந்திய வம்சாவளியினர் 65 பேரின் மனுவிலே, நிபந்தனைகளைத் தளர்த்தும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டு எனத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு டிசம்பரில் மத்திய அரசு அந்த அதிகாரத்தைச் சட்டமாகவே எழுதிற்று. யாருக்காக? பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31ஆந் திகதிக்குள் வந்த இந்துக்கள், சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சிகள், கிறித்தவர் ஆகியோருக்காக! அவர்கள் சட்டவிரோதக் குடியேறிகளல்லர் என்றும், இயல்புரிமைக்கு ஐந்தாண்டு வதிவு போதுமென்றும் ஆக்கப்பட்டது. அம்மக்களுக்குக் கிடைத்ததை நாம் பொறாமைக் கண்கொண்டு பார்க்கவில்லை. நாம் கேட்பது இதுதான்: இராமேசுவரத்துக்கு எதிர்க்கரையில் எரிந்த வீடு வீடல்லவா? எம்மவருட் பெரும்பான்மையோர் இந்துக்கள். எஞ்சியோருட் பலர் கிறித்தவர். மதத்தைக் கொண்டு பார்த்தாலும் விலக்குவதற்குக் காரணமில்லை. வம்சாவளியைக் கொண்டு பார்த்தாலோ, அம்மூன்று நாட்டாருக்கு இல்லாத ஒன்று இவர்களுட் கணிசமானோருக்கு உண்டு: இந்தியா தானே கையொப்பமிட்டு, தன் பிரசைகளாக ஏற்பதாக வாக்களித்த பத்திரம்.

2025 செப்டெம்பரில், புதிய குடிவரவுச் சட்டத்தோடு வெளிவந்த கட்டளையொன்று, 2015 சனவரி 9ஆந் திகதிக்கு முன் இந்தியாவிற் புகலடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரை, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்கிற்று. எம்மவர் சிலர் இதனை விடிவென்று கொண்டாடினர். ஒரு படி முன்னேற்றம் என்பதை நாமும் ஒப்புக்கொள்கின்றோம். ஆனால் சிறையிலிருந்து விலக்களித்தல் வீட்டில் வாழ உரிமை அளித்தலாகாது. "உன்னைத் தண்டிக்கமாட்டேன்" என்பது ஒன்று. "நீ இங்கே இருக்கலாம்" என்பது வேறொன்று. முதலாவது அரசின் தயவு, நாளை மாறலாம். இரண்டாவதே அனுமதி.

அனுமதி என்றால் என்ன?

எதனை நாம் வதிவிட அனுமதி என்கின்றோம்? அதன் நிபந்தனைகள் முன்கூட்டியே எழுதப்பட்டிருத்தல் வேண்டும். காலம் குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். மறுத்தாற் காரணம் கூறப்படல் வேண்டும். காரணத்தை எதிர்த்து முறையிட ஒரு மன்று இருத்தல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது எங்கேனும் கொண்டு சேர்த்தல் வேண்டும். பத்தாண்டு நின்றவனும் பத்து நாள் நின்றவனும் ஒரே படியில் நிற்பதாயின், அது படியன்று, சுவர்.

அதே எண்பதுகளில் சுவிற்சர்லாந்துக்குப் போன எம்மவரை எண்ணிப் பாருங்கள். மொழி தெரியாது, உறவு கிடையாது, நிறமும் வேறு. உணவுச்சாலைகளிலே பாத்திரம் கழுவினார்கள். அந்நாடு பலரை மறுத்தது. பலரைத் திருப்பியும் அனுப்பியது. அதனை நாம் பொன்னாடு எனப் புகழவில்லை. ஆனால் ஏற்றுக்கொள்ளப்பட்டவனுக்குப் படிகள் இருந்தன. முதலில் ஆண்டுக்கணக்கிற் புதுப்பிக்கும் சீட்டு. பின் நிலையான வதிவிடச் சீட்டு. இன்றைய அந்நாட்டுச் சட்டப்படி பத்தாண்டு வதிவின் பின் பிரசாவுரிமை கேட்கும் தகுதி. பேர்ண் நகரத்துக்குப் போனவனின் மகன் இன்று அங்கே வாக்களிக்கின்றான். பதினெட்டு மைல் கடலைக் கடந்து, தன் மொழி பேசும் மண்ணுக்குப் போனவனின் மகன் முகாமிலே பெயர் கூப்பிடும்போது கை உயர்த்துகின்றான். தொலைவிலுள்ள அந்நியன் படி வைத்தான். அருகிலுள்ள உறவினன் சுவர் வைத்தான் என்று வரலாறு எழுத வேண்டுமா?

2025 மே மாதத்தில் இந்திய உச்ச நீதிமன்றத்தில், இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கிலே, உலகத்து அகதிகளையெல்லாம் ஏற்பதற்கு இந்தியா ஒரு சத்திரமா என்னும் கருத்து நீதிபதிகளின் ஆசனத்திலிருந்து எழுந்தது. அது தண்டனையை அனுபவித்து முடித்த ஒருவரின் வழக்கு. அதன் தன்மை வேறு என்பதை நாம் அறிவோம். எனினும் அவ்வுவமையையே எடுத்துக்கொள்வோம். சத்திரத்திலே தங்குபவன் இரண்டொரு நாளிற் போய்விடுவான். நாற்பதாண்டு தங்கி, அங்கேயே மணம் முடித்து, அங்கேயே பிள்ளை பெற்று, அங்கேயே பெற்றோரைப் புதைத்தவன் வழிப்போக்கனல்லன். அவனை வழிப்போக்கன் என்று எழுதுவோனின் கணக்கேட்டிலேதான் பிழை.

எமது வீட்டுக் குரல்

இனி எம்மவர் பக்கம் திரும்புவோம். "அகதிகளுக்கு இந்தியா வதிவிட உரிமை கொடுத்தால் அவர்கள் திரும்பி வரமாட்டார்கள், வடக்குக் கிழக்கிலே எமது எண்ணிக்கை குறைந்துவிடும், ஆகவே அதனைக் கேட்காதிருப்பதே இனத்துக்கு நல்லது" என்றொரு வாதம் எமது அரசியல் வட்டாரங்களிலே மெல்லிய குரலில் உலவுகின்றது. மேடையிலே எவரும் இதனைக் கூறுவதில்லை. அறைக்குள்ளே கூறுகின்றார்கள்.

இவ்வாதத்தை நாம் முற்றாக நிராகரிக்கின்றோம். ஒன்று, மனிதர் எமது ஆசனக் கணக்குக்கு இருப்பில் வைக்கும் பண்டமல்லர். 1964இல் இரண்டு தலைநகரங்கள் தலைகளை எண்ணின. இன்று நாமும் அதே தராசைத் தூக்கினால் எமக்கும் அவர்களுக்கும் என்ன வேறுபாடு? இரண்டு, அவர்களுட் பலர் மலையகத்தோர். 1948இலும் 1949இலும் அவர்களின் உரிமை பறிபோனபோது, வடக்கின் பிரதிநிதிகளுள் எல்லோரும் ஒரே பக்கத்தில் நின்றார்களா? செல்வநாயகம் அவர்கள் அன்றே எதிர்த்து நின்று, அடுத்த ஆண்டு தனிக்கட்சி கண்டார். எஞ்சியோரின் மௌனத்துக்கும் சமாதானத்துக்கும் நாம் இன்னும் கடன்காரர். மூன்று, இவ்வாதம் உண்மைக்கும் மாறானது. பத்திரமில்லாதவனே திரும்ப இயலாதவன். ஊருக்குப் போய்க் காணியைப் பார்த்து, கிணற்றைப் பார்த்து, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டா என்று விசாரித்து, மீண்டும் சென்று குடும்பத்தோடு கலந்து பேசி முடிவெடுக்கும் வசதி முகாம் வாசிக்கு இல்லை. ஒருமுறை வந்தால் மறுமுறை போக இயலாது. கண்ணைக் கட்டிக்கொண்டு குதி என்றால் எவன் குதிப்பான்? வதிவிட அனுமதியும் பயணப் பத்திரமும் இருந்தால் அவன் வந்து பார்ப்பான். பார்த்தவருட் பலர் தங்கவுங் கூடும்.

வந்தவர்களை நாம் வரவேற்ற விதத்தையும் சொல்லிவிடுவோம். 2025 மே மாத இறுதியில், ஐக்கிய நாடுகளின் அகதிகள் நிறுவனத்தின் ஏற்பாட்டோடு தமிழகத்திலிருந்து திரும்பிய முதியவர் ஒருவர் பலாலி விமான நிலையத்திலே கைது செய்யப்பட்டார். குற்றம் யாது? முன்னொரு நாள் உயிர் தப்பி ஓடியபோது கடவுச்சீட்டு இல்லாமல் நாட்டை விட்டு ஓடியமை! எந்தச் சட்டம்? அதே 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம். மலையகத் தமிழனுக்கு 'நீ வந்தவன்' என்று கூறிய அதே சட்டம், வீடு திரும்பிய முதியவரை 'நீ போனவன்' என்று பிடித்தது. கண்டனக் குரல் எழுந்த பின்னரே நடைமுறையை மாற்றுவதாக அரசு கூறிற்று. கூற்று வேண்டாம், சட்டத்திருத்தம் வேண்டும்.

நாம் கேட்பன

புதுடில்லியிடம் நாம் கேட்பது பிச்சையன்று. 2015 சனவரி 9ஆந் திகதி என்று நீங்களே ஓர் எல்லை வகுத்தீர்கள். அதற்குள் வந்து பதிந்தோர் யாவருக்கும், புதுப்பிக்கத்தக்க நீண்டகால வதிவிட விசாவை எழுத்தில் வழங்குங்கள். இந்திய மண்ணிற் பிறந்தோரைச் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற ஏட்டிலிருந்து நீக்குங்கள். 1964ஆம், 1974ஆம் ஆண்டு ஒப்பந்தங்களின்கீழ் உங்கள் பங்கில் வந்தோரையும் அவர்தம் சந்ததியையும் வேறாகக் கணக்கெடுத்து, கையொப்பமிட்ட வாக்கை நிறைவேற்றுங்கள். நாடற்றுப் போகக்கூடிய குழந்தைக்குப் பிரசாவுரிமை உறுதி செய்யப்படல் வேண்டும் என்னும் சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 7ஆம் உறுப்புரையை 1992இல் நீங்கள் ஏற்றீர்கள்; அதனை முகாம் வாயிலிலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கொழும்பிடமும் கேட்கின்றோம். அதே சமவாயத்தை 1991இல் இலங்கையும் ஏற்றது. வெளிநாட்டிற் பிறந்த பிள்ளையின் பிறப்பை ஓராண்டுக்குள் பதிய வேண்டும், தவறினால் அமைச்சர் தகுந்த காரணங்கண்டு காலம் நீடிக்கலாம் என்கிறது எமது பிரசாவுரிமைச் சட்டம். போரும் முகாமும் தகுந்த காரணமல்லவெனில் வேறெது காரணம்? தமிழகத்திற் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் அந்த நீடிப்பைப் பொதுக் கட்டளையாக வெளியிட்டு, அதிகாரிகளை முகாம்களுக்கே அனுப்புங்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும் மலையக மக்களுக்குத் திறக்கப்பட்ட வழியை முகாமிலுள்ளோர் அறியச் செய்யுங்கள். உயிர் தப்பி ஓடியோரைக் குற்றவாளிகளாக்கும் வாசகத்தை 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து அகற்றுங்கள்.

தமிழ்க் கட்சிகளிடம் கேட்பது ஒன்றே. இம்மக்களின் வதிவிட உரிமையை உங்கள் கோரிக்கைப் பட்டியலின் அடியிலே எழுதாதீர்கள். அவர்கள் அங்கே வாழ்வதா, இங்கே மீள்வதா என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். எமது கடமை அவர்களின் கையிற் பத்திரம் சேர்ப்பது. 1948இல் மலைநாட்டுத் தமிழனின் கை வெறுங்கையாக்கப்பட்டதை எம்மவருட் பலர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனுடைய பேரனின் பிள்ளையும் வெறுங்கையோடு நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க நாம் ஒருப்படோம்.